அறிஞர் நெர்ன்ஸ்ட்

ஒரு பொருளின் பயன் அது பிறந்த நாளிலேயே முழுதும் விளங்கிவிடுவதில்லை. தாத்தா நட்ட பனையின் நுங்கைப் பேரன் உண்பதைப் போல, அறிஞர் சிலர் கண்ட உண்மையின் பயனை அவருக்கு நெடுங்காலம் பிந்தி வந்தோரே நுகர்கின்றனர். நட்டவர் தாம் எதற்காக நட்டோம் என்று எண்ணினாரோ அப்பயன் வேறாகவும், பின்னோர் அடைந்த பயன் வேறாகவும் இருத்தல் உண்டு. இதற்குச் சிறந்த சான்றாக விளங்குபவர் செருமானிய நாட்டு அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் ஆவார். அவர் விளக்கெரிக்கக் கண்ட ஒரு வெண்ணிறத் தண்டு இருபது ஆண்டுகள்கூட வீடுகளில் நிலைக்கவில்லை. ஆயினும் அத்தண்டின் உட்பொருள், இன்று மின்சாரத்தை ஆக்கவும் சேமிக்கவும் உதவும் கலங்களின் உயிர்நிலையாய் இருந்து வருகின்றது.

பிறப்பும் கல்வியும்

நெர்ன்ஸ்ட் 1864ஆம் ஆண்டு சூன் திங்கள் 25ஆம் நாள் மேற்குப் பிரசியாவைச் சார்ந்த பிரீசன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டின் எல்லைக்குள் அமைந்துள்ளது. அவருடைய தந்தையார் நீதிபதியாகப் பணி புரிந்தவர். இளமையில் நெர்ன்ஸ்டின் உள்ளம் கவிதையில் ஈடுபட்டிருந்தது. புலவராக வேண்டும் என்னும் விருப்பமும் அவருக்கு இருந்தது. பள்ளியில் கற்ற வேதியியலே அவரை அறிவியலின்பால் ஈர்த்தது. ஆயினும் இலக்கியத்தின்பாலும் நாடகத்தின்பாலும் அவர் கொண்ட பற்று இறுதிவரை மாறவில்லை.

அந்நாளைய செருமானிய மாணாக்கர் ஒரே கல்லூரியில் கட்டுண்டு கிடப்பதில்லை. சிறந்த ஆசிரியரை நாடி ஊர்தோறும் செல்வர். நெர்ன்ஸ்டும் சூரிச், பெர்லின், கிராட்ஸ், வூர்ட்ஸ்பர்க் ஆகிய நகரங்களில் பயின்றார். கிராட்ஸ் நகரில் எட்டிங்ஸ்ஹௌசன் என்னும் ஆசிரியரோடு கூடி, காந்தப் புலத்தில் வைத்த உலோகத்தின் ஊடே வெப்பம் செல்லும்பொழுது மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டறிந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டே. 1887ஆம் ஆண்டு வூர்ட்ஸ்பர்க்கில் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் லைப்சிக் நகரில் ஆஸ்ட்வால்ட் என்னும் பேரறிஞரின் உதவியாளராக அமர்ந்தார்.

மின்கலத்தின் கணக்கு

துத்தநாகத் தகட்டை அதன் உப்பு நீரில் அமிழ்த்தினால், அத்தகடு சிறிது சிறிதாகக் கரைய முயலும். நீரில் முன்னரே கரைந்துள்ள துகள்களோ மீண்டும் தகட்டில் வந்து படிய முயலும். இவ்விரு முயற்சிகளுக்கும் இடையே நிகழும் போட்டியே மின்னழுத்தமாக வெளிப்படுகின்றது. கரைசலின் செறிவை அறிந்தால் மின்னழுத்தத்தைக் கணக்கிட்டுக் கூறலாம் என்று நெர்ன்ஸ்ட் 1889ஆம் ஆண்டு நிலைநாட்டினார். அவர் கண்ட சமன்பாடு அவர் பெயராலேயே வழங்குகின்றது. உலகெங்கும் வேதியியல் பயிலும் மாணாக்கர் அதனைக் கற்று வருகின்றனர்.

இச்சமன்பாட்டில் ஓர் அரிய கருத்து அடங்கியுள்ளது. கிணற்று உருளையில் கயிறு இருபுறமும் ஓடுவது போல, மின்கலத்தின் செயலும் இருவழிப்பட்டது. பொருள்கள் தாமே வினைபட்டால் மின்சாரம் வெளிப்படும். புறத்திலிருந்து மின்சாரத்தைச் செலுத்தினால், வினை திரும்பி, முன்னிருந்த பொருள்கள் மீண்டும் தோன்றும். ஒரே கணக்கு இரண்டு வழிகளுக்கும் பொருந்தும். இக்கருத்தின் முழுப் பயனைப் பின்னர்க் காண்போம்.

1891ஆம் ஆண்டு நெர்ன்ஸ்ட் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி பெற்றார். அடுத்த ஆண்டு எம்மா லோமையர் என்னும் நங்கையை மணந்தார். அவர்களுக்கு ஆண் மக்கள் இருவரும் பெண் மக்கள் மூவரும் பிறந்தனர். 1893ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்ட கோட்பாட்டு வேதியியல் என்னும் நூல் பல பதிப்புகளைக் கண்டது.

வெண்ணிறத் தண்டு

அக்காலத்தில் எடிசன் வகுத்த கரி இழை விளக்குகளே எங்கும் எரிந்தன. அவை மின்சாரத்தை மிகுதியாக உண்டு மஞ்சள் நிற ஒளியைச் சிறிதளவே தந்தன. கரி காற்றுப் பட்டால் எரிந்துபோகும். ஆதலால் இழையைக் காற்றகற்றிய கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்து வைத்தனர். நெர்ன்ஸ்ட் வேறு வழியில் சிந்தித்தார். முன்னரே எரிந்து முடிந்த பொருள் மீண்டும் எரியாதன்றோ? ஆக்சிஜனோடு கூடி ஆக்சைடு ஆகிவிட்ட மண்வகை ஒன்றை ஒளிரச் செய்தால், காற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

ஆனால் அத்தகைய மண்வகைகள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை என்பதே அன்றைய பொதுக் கருத்து. குளிர்ந்த நிலையில் அது மெய்யே. தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தினாலும், உப்பைக் கலந்தவுடன் நன்கு கடத்துவதை நெர்ன்ஸ்ட் நன்கு அறிந்திருந்தார். திண்பொருளிலும் இவ்வாறே ஒன்றனோடு ஒன்றைக் கலந்து சூடேற்றினால் என்ன நிகழும் என்று ஆராய்ந்தார். சிர்க்கோனியம் ஆக்சைடு 85 பங்கும் இட்ரியம் ஆக்சைடு 15 பங்கும் சேர்த்துச் செய்த தண்டு, செவ்வெப்பம் அடைந்ததும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிற்று. மேலும் சூடேறி, கண்கூசும் வெள்ளொளி வீசிற்று. இது நிகழ்ந்தது 1897ஆம் ஆண்டில் ஆகும்.

இவ்விளக்கு கரி இழை விளக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு சிக்கனமானது. செருமானிய மின்னியல் நிறுவனம் ஒன்று பெரும்பொருள் கொடுத்து இதன் உரிமையைப் பெற்றது. 1900ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் நெர்ன்ஸ்ட் விளக்குகள் ஒளிவீசி மக்களை வியப்பில் ஆழ்த்தின. அமெரிக்க நாட்டில் வெஸ்டிங்ஹௌஸ் நிறுவனம் பிட்ஸ்பர்க் நகரில் இவற்றைச் செய்து விற்றது. நெர்ன்ஸ்ட் செல்வராயினார். குதிரை வண்டிகள் மலிந்திருந்த அக்காலத்தில் மோட்டார் வண்டி வாங்கி ஓட்டி மகிழ்ந்தார்.

எனினும் இவ்விளக்கிற்குக் குறைகள் பல இருந்தன. தண்டு தானே சூடேறாது. முதலில் அதனைப் பிளாட்டினக் கம்பிச் சுருளால் சூடாக்க வேண்டும். அதுகாறும் இருளில் காத்திருத்தல் வேண்டும். தண்டு சூடேறச் சூடேற மின்சாரம் பெருகித் தண்டையே உருக்கிவிடும் நிலை ஏற்படும். அதனைத் தடுக்க இரும்புக் கம்பியொன்றை ஐதரசன் நிரம்பிய குமிழில் வைத்து இணைத்தனர். பின்னர் டங்ஸ்டன் இழை விளக்குகள் வந்தன. விசையைத் திருப்பியவுடன் ஒளிர்ந்த அவற்றின் முன் நெர்ன்ஸ்ட் விளக்கு நிற்கவில்லை. அகச்சிவப்புக் கதிர்களை ஆராயும் கருவிகளில் மட்டும் அவ்வெண்ணிறத் தண்டு நெடுங்காலம் பணி செய்து வந்தது.

குளிரின் எல்லை

1905ஆம் ஆண்டு நெர்ன்ஸ்ட் பெர்லின் மாநகருக்குப் பேராசிரியராகச் சென்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே தம் வாழ்வின் தலைசிறந்த கண்டுபிடிப்பை வெளியிட்டார். செல்சியசு அளவில் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 273 பாகையில் குளிரின் எல்லை உள்ளது. அவ்வெல்லையை நெருங்க நெருங்கப் பொருள்களின் இயல்பு எவ்வாறு அமையும் என்பதை அவர் வகுத்துரைத்த கொள்கை, வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி என வழங்குகின்றது. அதன் உண்மையை நாட்ட அவரும் மாணாக்கரும் கடுங்குளிரில் பொருள்களின் வெப்ப ஏற்பை அளந்தனர். அவ்வளவீடுகள் ஐன்ஸ்டீன் 1907ஆம் ஆண்டு வெளியிட்ட கருத்திற்குச் சான்றாயின. இளைஞரான ஐன்ஸ்டீனின் அருமையை உணர்ந்த நெர்ன்ஸ்ட், 1910ஆம் ஆண்டு சூரிச் நகருக்குச் சென்று அவரைக் கண்டார். 1911ஆம் ஆண்டு பிரசெல்ஸ் நகரில் சால்வே என்னும் செல்வரின் பொருளுதவியால் கூடிய அறிஞர் பேரவைக்கு வித்திட்டவரும் நெர்ன்ஸ்டே. 1913ஆம் ஆண்டு பிளாங்க் என்னும் அறிஞரோடு மீண்டும் சூரிச் சென்று ஐன்ஸ்டீனைப் பெர்லினுக்கு அழைத்தார். தம்மினும் இளையவரின் பெருமையை உணர்ந்து போற்றும் பண்பு அவரிடம் சிறந்து விளங்கிற்று. 1920ஆம் ஆண்டிற்குரிய வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

போரின் கொடுமை

1914ஆம் ஆண்டு முதல் உலகப் பெரும்போர் மூண்டது. ஐம்பது வயதை எட்டிய நெர்ன்ஸ்ட் தம் மோட்டார் வண்டியுடன் படைக்குச் சென்று செய்தி கொண்டு செல்லும் பணியில் ஈடுபட்டார். அதனோடு நில்லாது, பகைவரைக் கண்ணெரிச்சலாலும் மூச்சுத் திணறலாலும் வருத்தும் வேதிப்பொருள் அடங்கிய குண்டுகளைச் செய்யும் ஆராய்ச்சியிலும் கலந்துகொண்டார். விளக்கேற்றிய கை அழிவுக்கும் துணை நின்றதை நாம் மறைத்தல் ஆகாது. அறிவு எத்துணைப் பெரிதாயினும், அருள் அதனோடு கூடாவிடின் அது தீமைக்கும் கருவியாகும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று பகர்கின்றது.

அப்போர் அவரையும் விட்டுவைக்கவில்லை. மூத்த மகன் ருடால்ப் 1914ஆம் ஆண்டிலேயே போர்க்களத்தில் வீழ்ந்தார். இளைய மகன் குஸ்தாவும் 1917ஆம் ஆண்டு மாண்டார். ஆண் மக்கள் இருவரையும் இழந்த துயரைத் தாங்கிக்கொண்டே நெர்ன்ஸ்ட் மீண்டும் ஆராய்ச்சிக் கூடத்திற்குச் சென்றார்.

முதுமை

1933ஆம் ஆண்டு இட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர் என்னும் ஒரே காரணத்திற்காக அறிஞர் பலர் பதவியிழந்து நாடு துறந்தனர். நெர்ன்ஸ்டின் பெண் மக்களுள் இருவர் யூதரை மணந்தவராதலின், அவர்களும் அயல்நாடு செல்ல நேர்ந்தது. புதிய ஆட்சியின் போக்கை அவர் உள்ளம் ஏற்கவில்லை. அவ்வாண்டே பணியினின்றும் ஓய்வு பெற்று, சிபெல்லே என்னும் ஊரிலிருந்த தம் பண்ணையில் தங்கினார். 1937ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. அவருடைய மாணாக்கராகிய லிண்டமனும் சைமனும் அங்குப் பணி புரிந்துகொண்டிருந்தனர். 1941ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தபொழுது, நெர்ன்ஸ்ட் உயிர் நீத்தார். நாடு துறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஐன்ஸ்டீன் அவரைப் போற்றிக் கட்டுரை எழுதினார்.

தண்டின் மறுபிறப்பு

இனி அவ்வெண்ணிறத் தண்டின் பிற்கால வரலாற்றைக் காண்போம். அத்தண்டில் மின்சாரத்தைச் சுமந்து செல்வது எது? உலோகக் கம்பியில் செல்வது போன்ற எலக்ட்ரான் அன்று. ஆக்சிஜன் அயனியே ஆகும். இட்ரியம் கலந்தமையால் தண்டினுள் ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் வெற்றிடமாகின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் நகர்ந்த இடத்தில் அடுத்தவர் புகுவது போல, ஆக்சிஜன் அயனிகள் அவ்வெற்றிடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து நகர்கின்றன. இதனைக் கார்ல் வாக்னர் என்னும் அறிஞர் 1943ஆம் ஆண்டு தெளிவுபடுத்தினார்.

இவ்வியல்பைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு எமில் பௌர் என்பவரும் பிரைஸ் என்பவரும் 1937ஆம் ஆண்டு செய்து காட்டினர். சிர்க்கோனியப் பொருளாலான குழாயின் ஒரு பக்கம் எரிபொருள், மறுபக்கம் காற்று. ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் குழாயின் சுவரை ஊடுருவிச் சென்று எரிபொருளோடு கூடிற்று, மின்சாரம் பிறந்தது. அதுவே திண் ஆக்சைடு எரிபொருட்கலத்தின் முதல் வடிவமாகும். முன்பு நெர்ன்ஸ்ட் விளக்கைச் செய்து விற்ற வெஸ்டிங்ஹௌஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களே பின்னாளில் இக்கலத்தை வளர்ப்பதில் முன்னின்றனர்.

நெர்ன்ஸ்ட் காட்டிய இருவழிக் கணக்கும் இங்கே பயன்பட்டது. கதிரவனும் காற்றும் தரும் மின்சாரம் மிகுந்திருக்கும்பொழுது அதனைக் கலத்தினுள் செலுத்தினால், நீராவி பிரிந்து ஐதரசன் கிடைக்கும். மின்சாரம் குறையும்பொழுது அதே ஐதரசனை அதே கலத்திற்கு ஊட்டினால் மின்சாரம் மீளும். விளைந்த காலத்தில் குதிரில் நெல்லை நிரப்பி, வறண்ட காலத்தில் எடுத்து உண்பதை இஃது ஒக்கும். இத்தகையதை மீள்திறத் திண் ஆக்சைடு கலம் என்பர்.

காற்றுப்பக்க மின்வாய்

இக்கலத்தில் மிகுந்த தொல்லைக்கு உள்ளாவது காற்றுப் பக்கத்து மின்வாயே ஆகும். அது 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் காற்றில் நிற்க வேண்டும். மின்சாரத்தைக் கடத்த வேண்டும். ஆக்சிஜனை அயனியாக்கிச் சுவருக்குள் விட வேண்டும். கலம் திரும்பி இயங்கும்பொழுது அயனியை மீண்டும் ஆக்சிஜனாக்கி வெளியே விட வேண்டும். சூடேறும்பொழுது சுவரோடு ஒத்த அளவில் விரிதலும் ஆறும்பொழுது ஒத்த அளவில் சுருங்குதலும் வேண்டும். பிளாட்டினம் இதற்கு ஓரளவு தக்கது; ஆனால் அதன் விலையோ மிகப் பெரிது.

லாந்தனம், ஸ்ட்ரான்சியம், மாங்கனீசு ஆகியவற்றின் கூட்டு ஆக்சைடு இப்பணிக்கு ஏற்றதென அறிஞர் கண்டனர். அதனால் செய்த குழாய்களைக் கொண்ட 100 கிலோவாட் நிலையம் நெதர்லாந்து நாட்டில் 1997ஆம் ஆண்டு முதல் 16,000 மணி நேரத்திற்கும் மேலாக இயங்கிற்று. கோபால்ட்டும் இரும்பும் கலந்த வேறொரு கூட்டு ஆக்சைடு, எலக்ட்ரானையும் ஆக்சிஜன் அயனியையும் ஒருங்கே கடத்தவல்லது. ஆயினும் அதிலுள்ள ஸ்ட்ரான்சியம் நாளடைவில் வெளிப்போந்து, சிர்க்கோனியத்தோடு கூடி, மின்சாரம் புகாத படலத்தை உண்டாக்குகின்றது. அதனைத் தடுக்க இரண்டிற்கும் இடையே சீரியம் ஆக்சைடு படலம் ஒன்றை வரம்பாக இடுகின்றனர். கலங்களை இணைக்கும் எஃகுத் தகடுகளிலிருந்து எழும் குரோமிய ஆவியும் மின்வாயின் செயலைக் கெடுக்கின்றது. இவற்றினும் பெருந்தீங்கு ஒன்று உண்டு. நீராவியைப் பிரிக்கும்பொழுது ஆக்சிஜன் இடைவிடாது வெளிவருமாதலின், மின்வாய்க்கும் சுவருக்கும் இடையே அழுத்தம் மிகுகின்றது. ஈரம் ஊறிய சுவரினின்றும் சாந்து பெயர்வது போல மின்வாய் பெயர்ந்து விழுகின்றது.

இதற்கு ஒரு தீர்வை டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர் 2015ஆம் ஆண்டு கண்டனர். கலத்தை ஒரே வழியில் இயக்கினால் அது விரைந்து கெடுகின்றது. சில மணி நேரம் மின்சாரத்தை ஏற்கவும், சில மணி நேரம் மின்சாரத்தைத் தரவும் மாறி மாறி இயக்கினால், அக்கேடு பெரிதும் ஒழிகின்றது. ஓயாது கொள்வதால் தளர்ந்த கலம், கொண்டதைக் கொடுப்பதால் வலிமை பெறுகின்றது என்னும் இவ்வுண்மை மக்கள் வாழ்விற்கும் பொருந்துவதாக உள்ளதன்றோ!

நெர்ன்ஸ்டின் வெண்பொருள் இன்னும் பலவாறு பயன்படுகின்றது. 1976ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிகளில் பொருத்தப்பட்டு வரும் ஆக்சிஜன் உணர்கருவி சிர்க்கோனியத்தால் ஆனது. அது புகையிலுள்ள ஆக்சிஜனை நெர்ன்ஸ்டின் சமன்பாட்டின்படியே அளந்து காட்டுகின்றது. மோட்டார் வண்டியைப் பெரிதும் விரும்பிய அவர் இதனைக் கண்டிருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பார்! 2021ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்சி என்னும் சிறு கருவி, இத்தகைய திண் ஆக்சைடு கலங்களால் அக்கோளின் கரியமில வாயுவைப் பிரித்து ஆக்சிஜன் எடுத்தது. 2023ஆம் ஆண்டு வரை 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் ஆக்சிஜனை ஆக்கிற்று. மற்றொரு கோளில் மனிதன் ஆக்கிய முதல் ஆக்சிஜன் அதுவே.

மாணவர்களே, நெர்ன்ஸ்ட் தம் விளக்கு அணைந்துபோனதைத் தம் கண்ணாலேயே கண்டார். அதன் பொருள் மறுவாழ்வு பெற்றுப் பயன் தருவதைக் காண அவர் இல்லை. ஆதலின் இன்று பயனற்றதாகத் தோன்றும் உண்மையையும் நாம் இகழ்தல் கூடாது. தோல்வி கண்டபொழுது உள்ளம் தளர்தலும் கூடாது. கற்ற கல்வியை உயிர்களின் நலத்திற்கே பயன்படுத்துதல் வேண்டும். வெப்பத்தையும் காற்றையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் நிற்கும் மின்வாயைக் காண இன்றும் பல நாட்டு அறிஞர் உழைத்து வருகின்றனர். அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. அதனை முடித்து வைப்போருள் உங்களில் ஒருவரும் இருத்தல் கூடும்.